திரவ உப்பும் லாரித் தண்ணியும்

கல்யாணமாகி மேடவாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், என் கணவர் பால்கனியில் நின்றபடி தன் நண்பரிடம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். "என் ஒய்ஃபா? காலேஜ்ல உப்பு காய்ச்சறா மச்சான். மூணு வருஷம் காய்ச்சினா டாக்டர் பட்டம் குடுப்பாங்களாம்." அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை. ஆனால் ரசத்தை ஊற்றும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

நான் காய்ச்சியது உப்புதான். ஆனால் அது கட்டியாக இருக்காது, தண்ணீர் போல ஓடும். சமையலறை உப்பை உருக்க வேண்டுமானால் எண்ணூறு டிகிரிச் சூடு வேண்டும். சில உப்புகளுக்கு அந்தச் சூடெல்லாம் தேவையில்லை. அவற்றில் இருக்கும் அயனிகள் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருப்பதால் ஒன்றோடொன்று அடுக்கி உட்கார முடியாமல், சாதாரண வெயிலிலேயே திரவமாகக் கிடக்கும். அயனித் திரவம் என்று பெயர். தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். திறந்து வைத்தாலும் ஆவியாகாது. தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினாலும் பற்றாது. மின்சாரத்தைக் கடத்தும். கரி பூசிய இரண்டு தகடுகளுக்கு நடுவே இதை வைத்துக் கட்டினால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம். சூப்பர் கெப்பாசிட்டர் என்று சொல்வார்கள். கண் மூடித் திறப்பதற்குள் சார்ஜ் ஆகும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் களைக்காது. நாட்டின் மின்வெட்டைத் தீர்க்கப்போகிறவள் நான்தான் என்ற எண்ணம் அப்போது எனக்கு உறுதியாக இருந்தது. கல்லூரி விண்ணப்பத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தேன்.

கல்லூரி தாம்பரத்தைத் தாண்டி இருந்தது. மேடவாக்கத்தில் பஸ் பிடித்து, செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு என்று ஊர்ந்து, கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில்வே நடைமேம்பாலம் ஏறி மேற்கே போய் இன்னொரு பஸ். ஆய்வகத்துக்குள் நுழையும்போது பாதி நாள் முடிந்துபோன அலுப்பு இருக்கும். முதல் ஆறு மாதம் நான் தயாரித்த திரவமெல்லாம் அடர்ந்த பழுப்பு நிறத்தில் வந்தது. அது நிறமில்லாமல் வர வேண்டும். அவசரப்பட்டு அதிகமாகச் சூடாக்கினால் இப்படித்தான் ஆகும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருந்தது. எனக்கு அவசரம் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வு வழிகாட்டி அதிகம் பேசாத மனிதர். குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும்மா. ஐஸ் போட்டுக் குடுத்தா வெயிலுக்கு நல்லா இருக்கும். பேப்பர்ல போட முடியாது."

பிறகு சூட்டைக் குறைத்து, நாள்கணக்கில் காத்திருந்து, கரித்தூள் போட்டு வடிகட்டி, ஒருவழியாக நிறமே இல்லாத ஒரு திரவத்தைக் கண்டேன். பச்சைக் குழந்தையை ஏந்துவது போல அந்த பாட்டிலை ஏந்திக்கொண்டு போய்க் கடத்துதிறன் மீட்டரில் அளந்தேன். மீட்டர் என்றால் பெரிய இயந்திரம் இல்லை. கையடக்கமான ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் ஒரு குச்சி. குச்சியைத் திரவத்தில் விட்டால் அது எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று எண் காட்டும். நான் படித்திருந்த அத்தனை ஆய்வுக் கட்டுரைகளிலும் இருந்ததைவிட என் திரவத்தின் எண் அதிகமாக இருந்தது.

சாரிடம் ஓடினேன். அவர் எண்ணைப் பார்த்தார். "ம்... சந்தோஷம். திரும்ப ஒரு தடவை பாரு" என்றார்.

மறுநாள் திரும்பப் பார்த்தேன். எண் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். என் திரவம் நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டே போகிறது என்று நினைத்தேன். அது ஏன் என்று ஒரு கேள்வி என் மனதில் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. உலகத்திலேயே நன்றாகக் கடத்தும் அயனித் திரவம் என்று கட்டுரைக்குத் தலைப்பு மட்டும் எழுந்தது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் மேற்குத் தாம்பரத்தில் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை வைத்திருந்தார். நாங்கள் அவரைப் பாய் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கொடியிலிருந்து பாயின் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சட்டையிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"பாத்தியாம்மா இவங்க சட்டைய? எல்லாம் பேட்டரி ஆசிட். புதுச் சட்டை எடுத்துக் குடுத்தா ஒரு வாரம் தாங்காது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க லேப்ல ஒரு லிக்விட் பண்றோம்க்கா. அது ஆசிட் மாதிரி ஆவியே ஆகாது. தீயும் பிடிக்காது" என்றேன்.

உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த பாய் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஆவி ஆகாதுன்னா, டிஸ்டில்டு வாட்டர் ஊத்த வேணாமா?"

"வேணாம் பாய்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"யா அல்லா! அப்போ கஸ்டமர் பாதிப் பேர் எனக்கு போனே பண்ண மாட்டாங்களே! எப்போம்மா மார்க்கெட்டுக்கு வருது?"

என்னிடம் அப்போது இருந்தது ஒரு சின்ன மருந்துக் குப்பி அளவுத் திரவம். அதை வைத்து ஒரு கைக்கடிகாரத்தைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. "கொஞ்ச நாள் ஆகும் பாய்" என்று, ஏதோ தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்ட குரலில் சொன்னேன்.

பாய் அதைச் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் என்றால் எங்கள் அடுக்ககத்துச் சங்கத்தின் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என்னை லிப்ட் வாசலில் மடக்கினார். "ஆண்டு விழாவுக்கு எப்பவும் பசங்க டான்ஸ்தாம்மா. இந்த வருஷம் அறிவுபூர்வமா ஏதாவது இருக்கட்டும். நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுங்க." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவரின் அலுவலகத்திலிருந்து புரொஜெக்டர் கடன் வாங்கினோம். நான் பவர்பாயின்ட் செய்தேன். அயனிகள் குதித்துக் குதித்து ஓடும்படி அனிமேஷன்கூடப் போட்டேன்.

விழா கீழே கார் நிறுத்தும் இடத்தில், தூண்களுக்கு நடுவே நடந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்ததா நம்ம மூணாவது மாடி மேடம். உப்புத் தண்ணியில ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம எல்லாருக்கும் ரொம்பத் தேவையான சப்ஜெக்ட்."

கைத்தட்டல் பலமாக எழுந்தது. இதற்கு முன் என் ஆராய்ச்சிக்கு யாரும் கை தட்டியதில்லை, அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் இல்லை, திரவமான உப்பு என்று ஆரம்பித்துப் பேசினேன். அனிமேஷன் ஓடியது. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் கேள்விகள் வந்தன.

"மேடம், நம்ம போர் தண்ணியில குளிச்சா முடி கொட்டுதே, அதுக்கு உங்க முறையில என்ன பண்ணலாம்?"

"வாஷிங் மெஷின்ல வெள்ளையா படியுதே, அது இந்த அயனியா?"

"திரவமா உப்பு இருக்குன்னு சொன்னீங்களே, அதான் மேடம் நம்ம குழாயில வருது!"

சிரிப்பு அடங்குவதற்கு நேரம் பிடித்தது. அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். அதை நல்ல தண்ணி என்போம். அந்த நல்ல தண்ணியிலும் இப்போதெல்லாம் உப்புக் கரிப்பதாக ஒரு அம்மா எழுந்து சொன்னார். இல்லை, அது மனப்பிரமை என்றார் செயலாளர். லாரியை ஏற்பாடு செய்தவர் அவர்தான். சட்டென்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க லேப்ல மீட்டர் இருக்கு. சாம்பிள் குடுத்தீங்கன்னா பார்த்துச் சொல்றேன்" என்றேன். மேடையில் நிற்கும் ஒருத்திக்கு வேறென்ன சொல்ல வரும்?

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பாட்டில்கள். குளிர்பான பாட்டில், ஊறுகாய் பாட்டில், குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாட்டில். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒட்டியிருந்தது. அவற்றைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். பக்கத்திலிருந்த பெண்மணி, "திருவேற்காடு தீர்த்தமாம்மா?" என்று பயபக்தியோடு கேட்டார். இல்லை என்று சொன்னதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

சார் இல்லாத நேரமாகப் பார்த்து, திரவத்தை அளக்கும் அதே மீட்டரில் எல்லாவற்றையும் அளந்தேன். தண்ணீரில் உப்பு கூடக் கூட எண்ணும் கூடும். போர் தண்ணீர் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. லாரித் தண்ணீரை அளந்தபோது குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தேன். போர் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை. மனப்பிரமை இல்லை, அந்த அம்மாவின் நாக்கு சரியாகத்தான் இருந்தது.

செய்தி லிப்டை விட வேகமாக மாடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தபோது கீழே ஒரு கூட்டமே நின்றது. கூட்டத்துக்கு முன்னால் நான். கையில், கல்லூரியில் சொல்லாமல் எடுத்து வந்த மீட்டர். லாரி ஓட்டுநர் குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சார், கல்யாணமா? எல்லாரும் நின்னுகினு கீறீங்க?"

"கொஞ்சம் இருங்க அண்ணா. தண்ணிய செக் பண்ணணும்" என்று ஒரு மக்கில் தண்ணீர் பிடித்துக் குச்சியை விட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம் அது? தண்ணிக்கு ஜொரம் பாக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இது நல்ல தண்ணியே இல்ல. எங்க போர் தண்ணியும் இதுவும் ஒண்ணு. நீங்க கலப்படம் பண்றீங்க" என்றேன்.

ஓட்டுநரின் முகம் மாறியது. "கலப்படமா? நா இன்னா பால்காரனா மேடம், தண்ணில தண்ணி கலக்க? ஓனர் எந்தக் கெணத்துல ரொப்பச் சொல்றாரோ அங்க ரொப்பிகினு வரேன். காலங்காத்தால பேஜார் பண்ணிகினு."

குழாயைச் சுருட்டினார். யார் சொல்லியும் கேட்காமல் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வெற்றி பெற்ற முகத்தோடு மாடி ஏறினோம்.

அன்று மதியம் செயலாளர் வேறு லாரிக்குப் போன் செய்தார். அது நம்ம ஏரியா இல்லை என்றார்கள். இன்னொருவருக்குச் செய்தார். அவருக்கு ஏற்கெனவே விஷயம் போயிருந்தது. "மீட்டர் வச்சிருக்கற அபார்ட்மென்ட்டா சார்? நமக்கு வேணாம்" என்றாராம். திங்கட்கிழமை கீழ்த்தொட்டி காய்ந்தது. உப்புத் தண்ணியாக இருந்தாலும் வந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. போரும் அந்த வாரம் பார்த்து மண்ணாகக் கக்கியது. லிப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றது. விழாவில் முதலாவதாகக் கை தட்டியவர், "படிச்சவங்க கொஞ்சம் பொறுமையா பேசியிருக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் குளித்தார். போகும்போது, "இதுக்கு நீ பேசாம உப்பே காய்ச்சியிருக்கலாம்" என்றார். இந்தத் தடவை எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கடைசியில் பாய்தான் வழி கண்டுபிடித்தார். லாரி முதலாளி அவரிடம் பேட்டரி வாங்குகிறவர். பாயின் ஆம்னி வேனில் பாயும் செயலாளரும் முன்னால், நான் பின்னால் இரண்டு பழைய பேட்டரிகளுக்கு நடுவில் மடியில் மீட்டரோடு. மன்னிப்புக் கேட்கப் போகும் இடத்துக்கு அதை ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

முதலாளி லாரிகள் நிற்கும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"முன்னாடி கேளம்பாக்கம் பக்கம் எடுத்துகினு இருந்தோம் மேடம். ரோடு ஃபுல்லா டிராபிக், டீசல் கட்டுப்படியாவல. அதான் கிட்டக்கவே ஒரு கெணறு பாத்தேன். உப்புன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"நீங்க குடிச்சுப் பாக்கலையா?" என்று செயலாளர் கேட்டார்.

"எங்க வூட்ல கேன் தண்ணி சார்" என்றார் அவர், ஒளிவு மறைவில்லாமல்.

பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரித்ததும் முதலாளியும் சிரித்துவிட்டார். ஓட்டுநரைக் கூப்பிட்டார். அவர் வந்து என்னைப் பார்க்காமல் நின்றார். கலப்படம் என்று சொன்னது தப்பு அண்ணா, என்று நான் சொன்னேன். "வுடு மேடம்" என்றார் அவர். பிறகு என் மடியைப் பார்த்து, "அந்த ஜொரக் குச்சிய எடுத்துகினுதான் வந்துகீறீங்களா? அப்போ வாங்க. மூணு கெணறு கீது. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு மறுபடியும் என்னைய திட்டக் கூடாது பாரு" என்றார்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தில் இருக்க வேண்டிய நான், கேளம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றேன். தூறல் போட்டது. ஓட்டுநர் எனக்கு இல்லாமல் மீட்டருக்குக் குடை பிடித்தார். முதல் கிணறு உப்பு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் குச்சியை விட்டதும் எண் அப்படியே கீழே இறங்கியது. ஓட்டுநர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "மீட்டர் சரியாத்தான் சொல்லுது" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்தார். அன்று சாயங்காலமே லாரி வந்தது. அதன் பிறகு மற்ற அடுக்ககங்களில் அவர், "இது மேடம் செக் பண்ண தண்ணி சார்" என்று சொல்லி ஊற்றுவதாகக் கேள்விப்பட்டேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் அளந்து சொன்ன ஒன்றை ஒருவர் உடனே நம்பிப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. நான் தரையில் நடக்கவில்லை.

தரைக்கு இறக்கியவர் சார். மறுநாள் மீட்டரைச் சத்தமில்லாமல் அதன் இடத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார். குச்சியின் மூடிக்குள் கிணற்றுச் சேறு.

"எங்க போயிருந்தது இது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சேற்றைக் கழுவி, மீட்டரைச் சரிபார்த்து, "உன் லிக்விட எடு. இப்ப பாக்கலாம்" என்றார்.

ஜன்னலோர அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். ஐப்பசி மழை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. அளந்தோம். எண் முன்பைவிட அதிகம். நான் பெருமையோடு நிமிர்ந்தேன். சார் பாட்டிலின் கார்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரவத்தில் சில சொட்டு எடுத்து ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டு, தராசில் வைத்து, தராசின் கதவைத் திறந்தே விட்டார்.

"பாத்துகிட்டே இரு."

பார்த்தேன். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடியது. பிறகு இன்னொன்று. யாரும் எதுவும் போடாமலே எடை ஏறிக்கொண்டிருந்தது.

"சார், பேலன்ஸ் ரிப்பேர்" என்றேன்.

"பேலன்ஸ் நல்லாத்தான் இருக்கு. காத்துல இருக்கற ஈரத்த உன் லிக்விட் குடிச்சுகிட்டு இருக்கு. தண்ணி சேர்ந்தா இதோட கெட்டித்தன்மை குறையும். அயனியெல்லாம் சுலபமா ஓடும். மீட்டர்ல நம்பர் ஏறும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இத்தன நாளா அளந்தது மெட்ராஸ் மழையம்மா."

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று ஒரு மனிதரை ஊர் கூட்டி வைத்துக் கலப்படக்காரர் என்றேன். என் உப்பில் அதைவிடத் தாராளமாகத் தண்ணீர் இருந்திருக்கிறது. அந்த ஓட்டுநருக்காவது தெரியாது. அயனித் திரவத்துக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு என்று என் ஆய்வுத் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். மேற்கோள் குறிப்போடு.

அதன் பிறகு வந்த மாதங்களில் நான் செய்த ஒரே வேலை காயவைப்பது. திரவத்தைச் சூடாக்கி, வெற்றிடப் பம்பு போட்டு நாள் முழுக்க ஈரத்தை இழுக்க வேண்டும். பம்பு பாதி வேலை முடிப்பதற்குள் கரண்ட் போகும். மின்வெட்டுக்குத் தீர்வு காணும் ஆராய்ச்சி மின்வெட்டால் நின்றுகொண்டிருந்தது. காயவைத்ததை வெளிக்காற்றுப் படாமல் கையாள ஒரு பெட்டி வேண்டும். வெளிநாட்டுப் பெட்டி வாங்கக் கல்லூரி சம்மதிக்கவில்லை. பாய் என்னைத் திருமுடிவாக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். அக்ரிலிக் பெட்டி, முன்பக்கம் கை நுழைக்க இரண்டு ஓட்டை, அதில் ரப்பர் கையுறை, நைட்ரஜன் வாயு உள்ளே போக ஒரு குழாய் என்று படம் வரைந்து கொடுத்தேன். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனுக்கா மேடம்? மீன எடுக்க எதுக்குக் கிளவுஸு?" என்றார். முதல் பெட்டி ஒழுகியது. இரண்டாவதில் ஓட்டைகளை என் தோள் உயரத்துக்குப் பதில் அவர் உயரத்துக்கு வைத்துவிட்டார். அதனால் என் முனைவர் பட்டத்தின் பிற்பகுதி முழுவதையும் ஒரு மணைமேல் ஏறி நின்று முடித்தேன்.

காய்ந்த திரவத்தை அளந்த நாள் நினைவிருக்கிறது. எண் விழுந்து, கட்டுரைகளில் இருந்த அதே இடத்துக்கு வந்தது. அது போதாதென்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த எண், எங்கள் அடுக்ககத்துப் போர் தண்ணீரின் எண்ணுக்கு ஏறக்குறைய சமம். மூன்று வருடம், இறக்குமதி ரசாயனம், மணைமேல் நின்ற முதுகுவலி எல்லாம் சேர்ந்து மேடவாக்கத்துக் குழாயைத் திறந்தால் வருவதைத்தான் செய்திருக்கிறேன். சாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"நம்பர் சமமா இருந்தா என்னம்மா? உங்க போர் தண்ணிய கெப்பாசிட்டர்ல ஊத்தி ஒண்ணரை வோல்ட்டுக்கு மேல குடு பாப்போம். தண்ணி உடைஞ்சு வாயுவாப் போயிடும். இது மூணு வோல்ட் குடுத்தாலும் அசையாம நிக்கும். வோல்ட் ரெண்டு மடங்கானா சேமிக்கற சக்தி நாலு மடங்கு. உன் லிக்விடோட பெருமை ஓட்டத்துல இல்ல, தாங்கறதுல." அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஈரம் இருந்த வரை நான் இடையிடையே செய்து பார்த்த கெப்பாசிட்டர்கள் எல்லாம் உப்பிப் போய் ஒழுகியதற்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. காய்ந்த திரவத்தில் செய்தவை ஒழுகவில்லை. மூன்று வோல்ட் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, வாரக்கணக்கில் ஓட்டினோம். நின்றன. உலகத்திலேயே நன்றாகக் கடத்தும் திரவம் என்ற தலைப்பை அடித்துவிட்டு, ஈரப்பதம் அயனித் திரவத்தை எப்படிக் கெடுக்கிறது என்று கட்டுரை எழுதினோம். அந்தத் தலைப்பில் எனக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. அது வெளியானது.

பட்டம் வருவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு கெப்பாசிட்டர் தகட்டு அடுக்கையும் சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றையும் சோப்பு டப்பா அளவுப் பெட்டியில் பொருத்தி, சாரிடம் கேட்டே வீட்டுக்கு எடுத்து வந்தேன். பாயிடம் காட்ட வேண்டும். எத்தனை நாள்தான் மார்க்கெட்டுக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது? சாயங்காலம் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விளக்கினேன். பாய் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம்ல?"

"தண்ணி பட்டாலே கெட்டுடும் பாய்."

"அப்போ ரொம்ப நல்லது. விலை?"

விலையைச் சொன்னேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பாய் வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியை முந்தின நாள்தான் ஒரு வாடிக்கையாளரின் கல்யாண வீட்டுக்குக் கழற்றிக் கொடுத்திருந்தார். அடுக்ககம் முழுக்க இருட்டு. நான் பெட்டியின் சுவிட்சைத் தள்ளினேன். வெள்ளையாக, சிமிட்டாமல், விளக்கு எரிந்தது. ஆய்வகத்தில் எத்தனையோ தடவை எரிந்ததுதான். ஆனாலும் பரிசுக் கோப்பை போல அதை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"அட, பளிச்சுன்னு இருக்கேம்மா!" என்றார் அக்கா. "அப்படியே இந்தப் பக்கம் காட்டு."

சமையலறைக்குள் அவர் பின்னாலேயே போய்க் காட்டினேன். அக்கா இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை ஒதுக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. ஆங், கிடைச்சிடுச்சு."

மெழுகுவர்த்தியை எடுத்து அடுப்பில் பற்றவைத்து, ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டினார். பிறகு என் பெட்டியைப் பார்த்து, "போதும்மா, அதை அணைச்சிடு. வீணாப் போகுது பாரு" என்றார்.